ஏட்டுச் சுரைக்காய் பறக்குமா?

நீங்கள் ஏறி உட்கார்ந்திருக்கும் விமானத்தின் விமானி, அந்த ரக விமானத்தை நிஜமாகத் தரையிறக்கப் போவது இன்றுதான் முதல் தடவையாக இருக்கலாம். பதற வேண்டாம். இதில் விதிமீறல் எதுவும் இல்லை. ஒரு ரக ஜெட்டை ஓட்டித் தேர்ந்தவர் இன்னொரு ரகத்துக்கு மாறும்போது, அதற்கான பறப்புப் பயிற்சி முழுவதையும் சிமுலேட்டரிலேயே முடிக்க விதிகள் இடம் தருகின்றன. காலி விமானத்தை எடுத்துக்கொண்டு போய் வட்டமடித்துப் பழக வேண்டியதில்லை. பக்கத்து இருக்கையில் பயிற்சி தரும் கேப்டன் இருப்பார். பின்னால் பயணிகள் பெல்ட் மாட்டிக்கொண்டிருப்பார்கள். முதல் நிஜப் பயணம் தொடங்கிவிடும்.

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். விமானத் துறையோ அந்த ஏட்டுச் சுரைக்காயைத்தான் தினமும் சமைத்துப் பரிமாறுகிறது. பெரும்பாலும் பழுதில்லாமல்தான் பந்தி நடக்கிறது. எப்போதாவது ஒருமுறை, அந்தச் சுரைக்காய் கொடியில் காய்த்ததைப் பார்த்து வரையப்பட்டதா, வெறும் கற்பனையில் வரையப்பட்டதா என்ற கேள்வி எழுகிறது. அதை முன்கூட்டியே கேட்கத் தவறிய இடங்களில் உயிர்கள் போயிருக்கின்றன.

காதை ஏமாற்றும் பெட்டி

பயிற்சி மையத்தில் சிமுலேட்டரை வெளியில் நின்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஆறு இயந்திரக் கால்களில் நிற்கும் ஒரு பெரிய பெட்டி, கூடத்தின் நடுவில் தன்பாட்டுக்குச் சாய்ந்தும் நிமிர்ந்தும் குலுங்கியும் ஆடிக்கொண்டிருக்கும். ஒரு சிறு பாலத்தின் வழியே உள்ளே போக வேண்டும். பாலத்தை விலக்கிக் கதவை மூடிவிட்டால் வெளியுலகத்தோடு தொடர்பு அறுந்தது. உள்ளே இருப்பது அச்சு அசல் காக்பிட்: அதே இருக்கை, அதே ஸ்விட்சுகள், அதே திரைகள். கண்ணாடிக்கு வெளியே 180 டிகிரிக்கு வளைந்து நிற்கும் காட்சியில் ஓடுபாதை விளக்குகள் நீண்டு கிடக்கும்.

ஆறு கால் ஏற்பாடு விமானத்துக்காகப் பிறந்ததல்ல. 1950-களில் இங்கிலாந்தில் டன்லப் நிறுவனத்தின் எரிக் காஃப், டயர்களைச் சோதிக்க இப்படியொரு மேடையைக் கட்டினார். ஆறு கால்களை நீட்டிச் சுருக்குவதன் மூலம் ஒரு மேடையை எந்தத் திசையிலும் நகர்த்தலாம், எந்தப் பக்கமும் சாய்க்கலாம். 1965-இல் ஸ்டூவர்ட் என்ற பொறியாளர், இத்தகைய மேடையைச் சிமுலேட்டருக்குப் பயன்படுத்தலாம் என்று கட்டுரை எழுதினார். அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

விமானி த்ராட்டிலை முன்னால் தள்ளுகிறார். முதுகு இருக்கையில் அழுந்துகிறது. வேகம் கூடுவதை உடம்பே சொல்கிறது. ஆனால் அந்தக் கால்கள் நீளக்கூடிய தூரம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்தான். நிஜ ஓடுபாதையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் அழுத்தத்தை ஒன்றரை மீட்டருக்குள் எப்படிக் கொடுக்க முடியும்?

விடை நம் காதுக்குள் இருக்கிறது. உட்காதில் கூழ் போன்ற படலத்தின்மேல் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் படிந்திருக்கின்றன. நாம் முன்னோக்கி வேகமெடுத்தால் அவை பின்பக்கம் இழுபடும். தலையைப் பின்னால் சாய்த்தாலும், புவியீர்ப்பு அவற்றை அதே பக்கம்தான் இழுக்கும். இரண்டில் எது நடந்தது என்று அந்தத் துகள்களுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. கண் சொல்வதை வைத்து மூளை முடிவு கட்டிக்கொள்ளும். ரயில் நிலையத்தில் பக்கத்துத் தண்டவாளத்து வண்டி நகரும்போது நம் வண்டிதான் கிளம்பிவிட்டது என்று நிமிர்ந்து உட்கார்கிறோமே, அதே ஏமாற்றம்தான். சிமுலேட்டர் முதலில் சட்டென்று ஒரு சிறு தள்ளு கொடுக்கும். பிறகு, நாம் உணரமுடியாத மெதுவான வேகத்தில் பெட்டியைப் பின்பக்கம் சாய்க்கும். காட்சியில் ஓடுபாதை மட்டமாகவே இருக்கும். மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும்.

இந்த வித்தைக்கு ஒரு எல்லை உண்டு. புவியீர்ப்பின் திசையை மாற்றிக் காட்டலாமே தவிர, அதை இரட்டிப்பாக்க முடியாது. தலைகுப்புறப் போகும் விமானத்தை விமானி இழுத்து நிமிர்த்தும்போது அவர் உடல் எடை இரண்டு மடங்காகி அழுத்தும். தரையில் கட்டிப்போட்ட பெட்டி அந்தக் கனத்தை நீடித்துத் தரவே முடியாது. சிமுலேட்டரில் கவிழ்ந்து எழுந்தவர் அதன் வரிசைமுறையைக் கற்றிருப்பார், கனத்தைக் கற்றிருக்க மாட்டார்.

துருத்தியில் தொடங்கிய கதை

எட்வின் லிங்க், நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகரில் அப்பாவின் பியானோ, ஆர்கன் தொழிற்சாலையில் வளர்ந்தவர். ஆர்கனுக்குக் காற்றூதும் துருத்திகளையும் வால்வுகளையும் வைத்து, சின்ன விமானம் போன்ற ஒரு பெட்டியைச் சாய்க்கவும் திருப்பவும் 1929-இல் வழி கண்டுபிடித்தார். அவர் வாங்கிய காப்புரிமையின் தலைப்பிலேயே மாணவ விமானிகளுக்கான பயிற்சியும் கேளிக்கையும் சேர்ந்திருந்தன. தொடக்கத்தில் அந்தப் பெட்டியை விரும்பி வாங்கியவை கேளிக்கைப் பூங்காக்கள்தான்.

1934-இல் அமெரிக்க ராணுவம் விமானத் தபால் வேலையை ஏற்றது. பனியிலும் மூட்டத்திலும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழகாத ராணுவ விமானிகள் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து மாண்டார்கள். அதன் பிறகு ராணுவம் லிங்க்கின் பெட்டிகளில் 6-ஐ, ஒன்று 3,500 டாலர் என்று வாங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் 5 லட்சம் பேருக்கு மேல் அந்தப் பெட்டியில் உட்கார்ந்து பயின்றுவிட்டார்கள்.

லிங்க்கின் பெட்டி எந்த நிஜ விமானத்தைப் போலவும் பறக்கவில்லை. அது கற்றுக்கொடுத்தது ஒரே பாடம்: வெளியே ஒன்றும் தெரியாதபோது உடம்பு சொல்வதை நம்பாதே, கருவியின் முள்ளை நம்பு. அந்த ஒரு பாடத்தை அது பிழையில்லாமல் கற்பித்தது. இன்றைய சிமுலேட்டர்கள் எல்லாவற்றையும் கற்பிக்க வந்திருக்கின்றன. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

அளந்து வைத்த எல்லை

இன்றைய சிமுலேட்டரின் இதயம் எண்களின் பட்டியல். இந்த வேகத்தில், இந்தக் கோணத்தில், இந்த எடையில் இறக்கை எவ்வளவு தூக்கும், வால் எவ்வளவு திருப்பும் என்று அடுக்கடுக்கான எண்கள். விமானி கைப்பிடியை அசைத்ததும் கணினி அந்த எண்களைப் புரட்டிப் பார்த்து, விமானம் அடுத்து என்ன செய்யும் என்று கணக்கிடுகிறது. திரையும் கருவிகளும் பதில் காட்ட ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் அதைவிடச் சற்றுக் கூட ஆகலாம். அதற்குமேல் தாமதித்தால் கை ஒன்று செய்ய, கண் வேறொன்று பார்க்கும்.

எண்கள் எங்கிருந்து வருகின்றன? காற்றுச் சுரங்கச் சோதனையிலிருந்தும், அதைவிட முக்கியமாக, சோதனை விமானிகளின் நிஜப் பறப்பிலிருந்தும். புதிய விமானம் ஒன்று சான்றிதழ் பெறுமுன் படும் பாட்டைப் பார்த்தால் கல்மனமும் இரங்கும். ஆகக் குறைந்த எந்த வேகத்தில் தரையை விட்டு எழும் என்று அறிய, மூக்கைத் தூக்கிப் பிடித்து, வால் ஓடுபாதையில் தீப்பொறி பறக்க உரசிக்கொண்டே ஓடவிடுகிறார்கள். முழு எடையுடன் பாய்ந்து ஓடும் விமானத்தை, தேய்ந்த பிரேக்குகளை மட்டும் வைத்து நிறுத்துகிறார்கள். சக்கரங்கள் உலைக்களத்து இரும்பாகச் சிவக்கும். தீயணைப்பு வண்டி பக்கத்திலேயே இருந்தாலும் முதல் 5 நிமிடம் தண்ணீர் அடிக்கக் கூடாது. பயணிகள் இறங்கும்வரை தீ பரவாது என்று விமானம் தானாகவே நிரூபிக்க வேண்டும்.

இறக்கைக்கும் தனிச் சோதனை உண்டு. தன் ஆயுளில் சந்திக்கக்கூடிய அதிகபட்சச் சுமையைப்போல் ஒன்றரை மடங்கை அது 3 வினாடியாவது தாங்க வேண்டும். 1995 ஜனவரி 14 அன்று, போயிங் 777-இன் இறக்கைகளை முறியும்வரை மேல்நோக்கி இழுத்தார்கள். நுனி 7 மீட்டருக்கு மேல் வளைந்து எழுந்து, 154 சதவீதத்தில் வெடிச்சத்தத்துடன் முறிந்தது. 2006-இல் ஏர்பஸ் ஏ380-இன் இறக்கை 145 சதவீதத்திலேயே முறிந்துவிட, அந்த இடத்தைப் பலப்படுத்த வேண்டியிருந்தது. உலகின் தேர்ந்த பொறியாளர்கள், தேர்ந்த கணினிகளில் போட்ட கணக்குக்கும் நிஜ இறக்கைக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தது. முறித்துப் பார்த்ததால்தான் அது தெரிந்தது.

சிமுலேட்டருக்கும் இதே போன்ற தேர்வு இருக்கிறது. சோதனை விமானி நிஜ விமானத்தில் எந்தக் கணத்தில் எதை எவ்வளவு அசைத்தார் என்பது பதிவில் இருக்கும். அதே அசைவுகளைச் சிமுலேட்டருக்குக் கொடுத்து, இரண்டின் வரைகோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கிறார்கள். வேகம் 3 நாட் (knot) அளவுக்கு மேல் விலகக் கூடாது. மூக்கின் கோணம் ஒன்றரை டிகிரிக்கு மேல் விலகக் கூடாது. தரையை விட்டு எழும்போது உயரம் 20 அடிக்கு மேல் மாறக் கூடாது. ஒருமுறை தேறிவிட்டால் போதாது, ஆண்டுதோறும் திரும்பத் திரும்பத் தேற வேண்டும்.

ஆகவே, அளந்த எல்லைக்குள் சிமுலேட்டரை நம்பலாம். தீப்பிடித்த எஞ்சின், பழுதான சக்கரம், பக்கவாட்டுக் காற்றில் தரையிறக்கம் எல்லாவற்றையும் ஒரு கீறல் இல்லாமல் நூறு தடவை பழகலாம். முன்பு எஞ்சின் பழுதை நிஜ விமானத்தில் பழகப் போய் விபத்தில் மாண்டவர்கள் உண்டு. அந்தச் சாவுகளைச் சிமுலேட்டர் நிறுத்தியது.

அளக்காத இடத்தில்

எல்லைக்கு வெளியே? அங்கேயும் சிமுலேட்டர் பறக்கும். அளந்த எண் தீர்ந்ததும் கணினி நின்றுவிடாது. கடைசி எண்ணைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தைத் தானே ஊகித்து ஓட்டும். ஊகத்தில் பறக்கும்போதும் திரை அதே தெளிவோடு இருக்கும், பெட்டி அதே மாதிரி குலுங்கும். அளந்ததையும் ஊகித்ததையும் அது ஒரே குரலில் பேசும். உள்ளே இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

'ஸ்டால்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் அளவுமீறினால், காற்றோட்டம் மேற்பரப்பை விட்டுப் பிய்ந்துபோகும். தூக்குவிசை சரியும். மூக்கைத் தாழ்த்தினால்தான் விமானம் மீளும். பல ஆண்டுகள் சிமுலேட்டர்களில் ஸ்டாலின் வாசல்வரைதான் பயிற்சி நடந்தது. கைப்பிடி எச்சரித்து அதிரத் தொடங்கியதும் எஞ்சினைக் கூட்டி, உயரத்தை இழக்காமல் வெளியேற வேண்டும். உயரம் குறைந்தால் மதிப்பெண் குறையும். முழு ஸ்டாலுக்குள் போனபின் விமானம் எப்படி உருளும், எப்படி மீளும் என்று பெரும்பாலான சிமுலேட்டர்களுக்கே தெரியாது.

2009 பிப்ரவரி 12 இரவு, அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் நிறுவனத்தின் சிறு பயணிகள் விமானத்தில் கைப்பிடி அதிர்ந்தது. கேப்டன் அதை முன்னால் தள்ளாமல் பின்னால் இழுத்தார். தரையில் இருந்த ஒருவரையும் சேர்த்து 50 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூன் 1 அன்று, ரியோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் 447, வேகமானியின் குழாய்கள் பனியால் அடைபட்டதைத் தொடர்ந்து ஸ்டாலில் சிக்கியது. 38 ஆயிரம் அடி உயரத்திலிருந்து மூக்கைத் தூக்கிய நிலையிலேயே அட்லாண்டிக்கில் விழுந்தது. 228 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அவ்வளவு உயரத்தில் விமானத்தைக் கையால் ஓட்டி ஸ்டாலைச் சமாளிக்கும் பயிற்சி, அந்தத் துணை விமானிகளுக்குக் கிடைத்திருக்கவில்லை.

தெரியாததைக் கற்பிக்காமல் விட்டது ஒரு வகை. தெரியாததைத் தெரிந்ததுபோல் கற்பிப்பது இதைவிட மோசம்.

2001 நவம்பர் 12 காலை, நியூயார்க்கிலிருந்து சான்டோ டொமிங்கோ புறப்பட்ட அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587, முன்னால் சென்ற ஜம்போ ஜெட் விட்டுச்சென்ற காற்றுச் சுழலில் லேசாகக் குலுங்கியது. துணை விமானி ரடர் எனப்படும் சுக்கானை மிதித்தார். வலம், இடம், மறுபடி வலம் என்று சில வினாடிகளுக்குள் கடைசி எல்லைவரை மாறிமாறி மிதித்தார். அந்த ஏ300 ரகத்தில், அந்த வேகத்தில், மிதிகட்டை 3 சென்டிமீட்டர் அசைந்தாலே சுக்கான் தன் முழு எல்லைக்குத் திரும்பிவிடும். செங்குத்து வால் பிய்ந்து விழுந்தது. வீடுகளின்மேல் விமானம் விழ, மொத்தம் 265 பேர் மாண்டார்கள்.

காற்றுச் சுழல் சாதாரணமானதுதான். ஏன் அவ்வளவு பலமாக மிதித்தார்? அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை பல காரணங்களைச் சொன்னது. நுண்ணிய அசைவுக்கே பாயும் மிதிகட்டையின் வடிவமைப்பு ஒன்று. அந்த நிறுவனத்தின் பயிற்சித் திட்டம் இன்னொன்று. அதன் சிமுலேட்டர் பாடத்தில், சுழலில் சிக்கிய விமானம் முதலில் ஒரு பக்கம் 10 டிகிரி சாயும். அடுத்து மறுபக்கம் 90 டிகிரியும் தாண்டிப் புரளும். விமானம் அவ்வளவு தூரம் புரண்டே ஆக வேண்டும் என்று, அந்தப் புரளலின்போது விமானியின் கட்டுப்பாடுகள் சற்று நேரம் வேலை செய்யாதபடி நிரலில் எழுதியிருந்தார்கள். பயின்றவர் மனதில் பதிந்தது இரண்டு: பெரிய விமானத்தையும் சுழல் குப்புறத் தள்ளிவிடும், லேசாகத் திருத்தினால் பயனில்லை, பலமாக மிதிக்க வேண்டும். இரண்டும் நிஜ விமானத்துக்குப் பொருந்தாதவை. விபத்துக்கு 4 ஆண்டு முன்பே விமானத் தயாரிப்பாளர்களும் அரசுக் கண்காணிப்பாளர்களும் இந்தப் பயிற்சி பற்றித் தங்கள் கவலையை அந்த நிறுவனத்துக்கு எழுதியிருந்தார்கள்.

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்

சிமுலேட்டர் பயிற்சிக்கு மட்டுமல்ல, விமானத்தின் வடிவமைப்பைச் சோதிக்கவும் பயன்படுகிறது. போயிங் 737 மேக்ஸில் எம்கேஸ் என்ற மென்பொருள், தேவை என்று கருதினால் தானாகவே மூக்கைத் தாழ்த்தும். அது தவறாக இயங்கினால் விமானி சமாளிப்பாரா என்று சிமுலேட்டரில் பார்த்தார்கள். வால் தானாக அசைவதை மட்டும் செய்து காட்டினார்கள். அது தவறாக இயங்கக் காரணமாகும் கோண உணரியின் பழுதைச் சேர்க்கவில்லை. நிஜத்தில் அந்த உணரி கெட்டால் கைப்பிடி ஓயாமல் அதிரும், வேகம் ஒத்துவரவில்லை என்று எச்சரிக்கை வரும், உயரம் ஒத்துவரவில்லை என்று இன்னொன்று வரும். இத்தனை கூச்சலுக்கு நடுவே விமானி எப்படித் திணறுவார் என்ற கேள்வி கேட்கப்படவே இல்லை. சில வினாடிகளில் சமாளித்துவிடுவார் என்பது கணிப்பு. போயிங்கின் சோதனை விமானி ஒருவருக்கே சிமுலேட்டரில் 10 வினாடிக்கு மேல் ஆனது என்பது பின்னால் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் வெளிவந்தது.

மேக்ஸ் விமானங்கள் விழுந்து, 2018 அக்டோபர் 29-இல் இந்தோனேசியாவில் 189 பேர், 2019 மார்ச் 10-இல் எத்தியோப்பியாவில் 157 பேர் இறந்தார்கள். எத்தியோப்பிய விமானிகள் மின்விசையை அணைத்துவிட்டு, வாலின் கோணத்தை மாற்றும் டிரிம் சக்கரத்தைக் கையால் சுற்ற முயன்றார்கள். அந்த வேகத்தில் காற்று அழுத்திய அழுத்தத்தில் சக்கரம் அசையவில்லை. மேக்ஸ் சிமுலேட்டர்களின் மென்பொருள் அந்தக் கனத்தைச் சரியாகக் காட்டவில்லை என்பதும், அதைத் திருத்தியிருப்பதாக போயிங் ஒப்புக்கொண்டதும் 2019 மே மாதம்தான் தெரிந்தது.

சரியாக எழுதப்பட்ட சிமுலேட்டரும் இயந்திரம்தானே, கெட்டுப்போகும். 2022 ஏப்ரலில் நம் நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், ஸ்பைஸ்ஜெட்டின் 90 விமானிகள் மேக்ஸ் ஓட்டக் கூடாது என்று தடுத்தது. அவர்கள் பயின்ற சிமுலேட்டரில், ஸ்டால் வரும்போது கைப்பிடியை அதிரவைக்கும் கருவி ஒரு பக்கம் வேலை செய்யவில்லை. எல்லோரும் மறுபடி பயில வேண்டியிருந்தது. நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம்.

நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்தின் விசாரணை இன்னொரு கோணத்தைக் காட்டியது. 2009 ஜனவரி 15 அன்று, பறவைகள் மோதி இரண்டு எஞ்சின்களும் பயனற்றுப்போன விமானம் மூன்றரை நிமிடத்தில் ஆற்றில் இறங்கியது. 155 பேரும் பிழைத்தார்கள். விமான நிலையத்துக்கே திரும்பியிருக்கலாமா என்று பின்னால் சிமுலேட்டரில் பார்த்தார்கள். பறவை மோதிய அந்தக் கணமே திரும்பினால் சில முயற்சிகள் ஓடுபாதையைத் தொட்டன. என்ன நடந்தது என்று நிஜ மனிதர் புரிந்துகொள்ள ஆகும் நேரமாக 35 வினாடியைச் சேர்த்துத் திரும்பியபோது, விமானம் ஓடுபாதையை எட்டவில்லை. அந்த 35 வினாடியைச் சேர்க்காமல் விட்டிருந்தால், சரியான முடிவெடுத்த கேப்டனைச் சிமுலேட்டர் குற்றவாளி ஆக்கியிருக்கும்.

பஃபலோ விபத்துக்குப் பிறகு அமெரிக்கா விதிகளைத் திருத்தியது. 2019 மார்ச் முதல் அங்கே பயணிகள் விமான நிறுவனங்களின் விமானிகள் முழு ஸ்டாலையும் அதிலிருந்து மீள்வதையும் சிமுலேட்டரில் பயில வேண்டும். சிமுலேட்டர்களுக்கும் அதற்கான எண்கள் புதிதாக ஊட்டப்பட்டன. அந்த விதிகளில் அதிகம் பேசப்படாத ஒரு சிறு அம்சம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பயிற்சியாளரின் திரையில், அளந்து உறுதிசெய்த எண்கள் எதுவரை என்று ஒரு எல்லைக்கோடு வரைந்திருக்க வேண்டும். விமானத்தின் நிலை அதற்குள் ஒரு புள்ளியாக நகரும். புள்ளி கோட்டைத் தாண்டினால், இனி இந்தப் பெட்டி காட்டுவது ஊகம், இதைப் பாடமாக எடுத்துக்கொள்ளாதே என்று பயிற்சியாளர் சொல்ல வேண்டும்.

லிங்க்கின் துருத்திப் பெட்டி பிறந்து ஏறக்குறைய 90 ஆண்டுக்குப் பிறகுதான் சிமுலேட்டர் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லக் கற்றது. அதன் நம்பகத்தன்மை அன்றைக்குத்தான் முழுமைக்குப் பக்கத்தில் வந்தது.